பட்டத்தின் முதலெழுத்து: தாய்மொழி மருத்துவக் கல்வியும் கலைச்சொல் வாதமும்

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம் அது கலைச்சொல் பற்றிய வினாவாக உருமாறிவிடுகின்றது. இயலும் என்பார் தொகுத்து முடித்த சொற்பட்டியல்களைச் சான்று காட்டுவர். இயலாது என்பார் அப்பட்டியல்களில் இடம்பெறாத சொற்களைச் சான்று காட்டுவர். எதிரெதிர் நின்று வாதிடும் இருசாராரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: சொல் இருந்தால் கல்வி நடக்கும், சொல் இல்லாமையாலேயே கல்வி நடக்கவில்லை என்பது அது. மொழித் திட்டமிடல் பற்றித் தமிழில் எழுந்த கட்டுரைகள் பலவற்றிலும் இக்கருத்து ஆராயப்படாமலே ஏற்கப்பட்டுள்ளது.

இக்கருத்து வரலாற்றோடு பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலும் யாழ்ப்பாணத்திலும் மேலை மருத்துவம் தாய்மொழியில் கற்பிக்கப்பட்டது. அதற்குரிய சொற்கள் இருந்தன, நூல்கள் அச்சேறின, தேறிய மாணவர் நோயாளிகளுக்கு மருத்துவமும் பார்த்தனர். ஆயினும் அக்கல்வி நிலைக்கவில்லை. காலனி ஆட்சி தாய்மொழியை மருத்துவக் கல்விக்குள் நுழையவிடாமல் தடுத்தது என்று பொதுவாகக் கூறுவர். அது உண்மையில் ஒரு பாதியே. அவ்வாட்சி தாய்மொழியை உள்ளே விட்டது. விட்டு, கீழ்ப்படியில் அமர்த்தியது. அந்தப் படியமைப்பே இன்றுவரை தொடரும் செல்வாக்கு என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

பேத்தோரில் பிறந்த மருத்துவர்

ஹௌரா நகரின் மேற்கே அமைந்த சாந்த்ராகாச்சி இன்று தொடர்வண்டிச் சந்திப்பாலும், குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் வந்து தங்கும் ஏரியாலும் அறியப்படும் ஊர். இப்பகுதியைச் சேர்ந்த பேத்தோரில் பிறந்தவர் ராதாகோவிந்த கர். கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி இவர் பெயரால் வழங்குவது. 2024 ஆகஸ்டில் அக்கல்லூரியில் ஓர் இளம் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையால் அப்பெயர் நாடெங்கும் துயரத்தோடு சொல்லப்பட்டது. ஆனால் பெயருக்குரியவர் யாவர், அவர் தொடங்கியது எத்தகைய பள்ளி என்பன வங்காளத்துக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

கரின் தந்தை துர்காதாஸ் கரும் மருத்துவர். வங்காள மொழியில் மருந்துநூல் எழுதியவர். மகன் கொல்கத்தாவிலும் பின்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் பயின்றார். அவ்வாறு பயின்று திரும்பியோர்க்கு அக்காலத்தில் வருவாயும் மதிப்பும் நிறைந்த தொழில் காத்திருந்தது. அவர் தேர்ந்த வழி வேறு. 1886இல் அவரும் நண்பர்களும் அரசின் துணையின்றிக் கொல்கத்தாவில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். படிப்பு மூன்றாண்டு, பயிற்றுமொழி வங்காளம். பாடநூல் வேண்டும் என்பதற்காகக் கர் தாமே எழுத அமர்ந்தார். உடற்கூறு, மருந்தியல், மகளிர் நோய், குழந்தை மருத்துவம், நோயாளர் பேணல் எனப் பல துறைகளிலும் அவர் நூல்கள் செய்துள்ளார்.

அந்நூல்களின் தலைப்புகள் மொழியியலார் கருத்தை ஈர்ப்பவை. 'பிஷக் பந்து', 'ரோகி பரிசர்யா' முதலியன வடமொழித் தொடர்கள். அக்கால வங்காள உரைநடையில் அறிவுத்துறைக்கெனக் கொள்ளப்பட்ட நடைக்கு இவை பொருந்துவன. பிளேக் பற்றிய நூலுக்கோ 'பிளேக்' என்றே பெயர். புதிதாக வந்து அச்சுறுத்திய நோய்க்கு மக்கள் எப்பெயரைக் கேட்டிருந்தனரோ அப்பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். 'கவிராஜ் டாக்தார் சம்பாத்' என்னும் தலைப்பில் இரு நெறிகளும் ஒன்றுசேர்கின்றன. கவிராஜ் என்பது ஆயுர்வேத மருத்துவரைக் குறிக்கும் வங்காள வழக்கு, டாக்தார் என்பது வங்காள ஒலியமைப்புக்கு இசைந்துவிட்ட ஆங்கிலச் சொல், சம்பாத் உரையாடல். தூய்மை வாதமோ கடன்வாங்கும் ஆர்வமோ இங்கு இல்லை. சொல்லைப் பயன்பாட்டினால் அளந்த ஒருவரின் நிதானமே தெரிகின்றது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பின்னாளில் பல அமர்வுகளில் விவாதித்த சிக்கலை இவர் எழுதிக்கொண்டே தீர்த்தார் எனலாம்.

ஆனால் இன்னொரு சொல்லையும் இங்கு நோக்குதல் வேண்டும். கரின் தலைப்புகளில் 'சங்க்ஷிப்த', அதாவது 'சுருக்கமான' என்னும் அடை மீண்டும் மீண்டும் வருகின்றது: சுருக்கமான உடற்கூறு, சுருக்கமான மருந்தியல், சுருக்கமான குழந்தை மருத்துவம். ஒரு நூலின் தலைப்பு அதன் வாசகர் யார் என்பதையும் சொல்லும். விரிந்த நூல் ஆங்கிலத்தில் உள்ளது. இது மூன்றாண்டில் படித்து முடித்து மருத்துவம் பார்க்கச் செல்வோர்க்கு உரியது என்னும் குறிப்பு அவ்வடையில் அடங்கியிருப்பதாகக் கொள்ள இடமுண்டு. வங்காளத்தில் மருத்துவம் எழுத முடியும் என்று நிறுவியவர்க்கே, எந்த அளவில் எழுதுவது என்னும் எல்லை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லையை வகுத்தவர் யார் என்பதறிய அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1835க்கு முன்னும் பின்னும்

கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி 1822இல் நாட்டு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கியது. கற்பித்தல் இந்துஸ்தானியில் நடந்தது. அதன் கண்காணிப்பாளருள் ஒருவரான பீட்டர் பிரெட்டன் 1825இல் உடலுறுப்புப் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் தொகுத்து வெளியிட்டார். சொல் இல்லை என்னும் முறையீடு தோன்றுவதற்கு முன்பே சொற்றொகுதி தோன்றிவிட்டது என்பது நோக்கத்தக்கது.

இந்நிலையத்தைத் தாய்மொழிக் கல்வியின் பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். தம் படைப்பிரிவுகளிலும் மருத்துவமனைகளிலும் ஆங்கில மருத்துவருக்குக் கீழே பணிபுரியக் குறைந்த ஊதியத்தில் ஆள்கள் வேண்டும் என்பதற்காகவே கம்பெனி இதனை நடத்தியது. தேறியவர் 'நேட்டிவ் டாக்டர்' எனப்பட்டனர். காயத்திற்குக் கட்டுப்போடுதல், மருந்து கலத்தல், பெரிய மருத்துவர் இல்லாதபோது நோயாளியைக் கவனித்தல் ஆகியவை அவர்கள் பணி. மொழி அவர்களுடையது, பதவியின் உச்சவரம்பு கம்பெனியுடையது.

பென்டிங்க் அமைத்த குழு 1834இல் தன் அறிக்கையை அளித்தது. நாட்டு மருத்துவ நிலையத்தின் அப்போதைய கண்காணிப்பாளர் ஜான் டைட்லர் இந்திய மொழிகளின் பக்கம் நின்று வாதிட்டார். குழு ஆங்கிலத்தின் பக்கம் முடிவு செய்தது. 1835 ஜனவரி 28இல் பிறந்த ஆணை அந்நிலையத்தையும், சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் நடந்துவந்த மருத்துவ வகுப்புகளையும் ஒருங்கே மூடி, ஆங்கில வழியில் கற்பிக்கும் புதிய கல்லூரியை நிறுவியது. மெக்காலேயின் புகழ்பெற்ற கல்விக் குறிப்பு 1835 பிப்ரவரி 2ஆம் நாளிட்டது. இந்தியக் கல்வியில் ஆங்கிலத்தின் நுழைவை மெக்காலேயிலிருந்தே தொடங்கும் பழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. மருத்துவக் கல்வியில் அம்முடிவு அவர் எழுதுவதற்கு ஐந்து நாள்கள் முன்பே ஆணையாகிவிட்டது. சென்னையிலும் அதே 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கியது.

புதிய கல்லூரியில் 1836இல் பிணவறுவை செய்து வரலாற்றில் இடம்பெற்ற மதுசூதன் குப்தர், சாதித் தடையை மீறியவர் என்றே பாடநூல்களில் போற்றப்படுகிறார். அவர் மொழிபெயர்ப்பாளர் என்பதை மொழிபெயர்ப்பாளர்களும்கூட நினைவில் கொள்வதில்லை. ஹூப்பரின் உடற்கூற்று நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர் அவர்; இலண்டன் மருந்துநூலை வங்காளத்தில் தந்தவரும் அவரே. ஆங்கிலம் தெரிந்த மருத்துவரின் எண்ணிக்கை நாட்டின் தேவைக்கு எட்டாது என்பதை அரசு விரைவிலேயே உணர்ந்தது. 1839இல் அதே கல்லூரியில் படைக்கென இந்துஸ்தானி வகுப்பு திறக்கப்பட்டது. 1852இல் வங்காள வகுப்பு திறக்கப்பட்டது. வங்காள வகுப்பின் பொறுப்பு குப்தரிடம் வந்தது. நான்காண்டுகளில் அவர் மறைந்தார்.

ஒரே கட்டடம், ஒரே பிணவறை. ஆனால் ஆங்கிலத்தில் கேட்டவர் ஒரு தகுதியோடு வெளியேறினர், வங்காளத்தில் கேட்டவர் வேறொரு தகுதியோடு வெளியேறினர். ஒரு சமுதாயத்தில் இரு மொழிவகைகள் உயர்வு தாழ்வாகப் பகுக்கப்பட்டு வழங்குவதைப் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்று விளக்கினார். அவர் நோக்கியது ஒரே மொழியின் இரு வகைகளை. ஃபிஷ்மன் அதனை வேறுவேறு மொழிகளுக்கும் விரித்தார். கொல்கத்தாக் கல்லூரி அத்தகைய பகுப்பை ஆணையின் வழியாகவே நிறுவியது. இயல்பாக ஊறி வந்த வழக்கும் அரசாணையால் வந்த வழக்கும் வேறு. பின்னதை மாற்ற இன்னோர் ஆணை வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பட்டத்தில் ஒட்டிய மொழிப்பெயர்

வங்காள வகுப்பு 1873இல் சியால்தாவுக்கு மாற்றப்பட்டுப் பின்னர் கேம்பல் மருத்துவப் பள்ளி எனப் பெயர் பெற்றது. இன்றைய நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் மூலம் அதுவே. அங்குத் தேறியோர்க்கு வழங்கிய பட்டத்தின் சுருக்கம் வி.எல்.எம்.எஸ். என்பது. எல்.எம்.எஸ். என்றால் மருத்துவம், அறுவை ஆகியவற்றில் உரிமம் பெற்றவர். முன்னால் நிற்கும் 'வி' என்ற எழுத்து 'வெர்னாகுலர்' என்பதன் சுருக்கம்.

ஒரு மருத்துவரின் பட்டம் அவர் எதனைக் கற்றார், எத்தனை ஆண்டு கற்றார் என்று சொல்வது இயல்பு. எந்த மொழியில் கற்றார் என்று முதலெழுத்திலேயே அறிவித்த பட்டம் இது. ஆங்கிலத்தில் கற்றவரின் பட்டத்தில் ஆங்கிலத்திற்கென ஓரெழுத்து இல்லை. அடையாளம் பெறும் உறுப்பு, அடையாளம் பெறா உறுப்பு என்று மொழியியலில் நாம் பேசும் பாகுபாட்டிற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை ஒலியனியலிலும் காணல் அரிது. வெர்னாகுலர் என்னும் சொல்லின் வேரான 'வெர்னா' இலத்தீனில் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிப்பது. சொற்பிறப்பு இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் 1878இல் இந்திய மொழி இதழ்களை மட்டும் ஒடுக்க வந்த சட்டமும் இதே சொல்லைத் தலைப்பில் தாங்கியிருந்ததைப் பார்க்கும்போது, ஆட்சியாளர் நாவில் அச்சொல் வெறும் வகைப்பெயராக இருக்கவில்லை எனத் தெளியலாம்.

இப்பட்டத்தைத் தாங்கியவர்களுள் ஹேமவதி சென் குறிப்பிடத்தக்கவர். இளமையிலேயே கைம்பெண்ணாகிய அவர், கேம்பல் பள்ளியில் பெண்களும் சேர்க்கப்பட்ட காலத்தில் பயின்று 1894இல் தேறினார். தேர்வில் முதலிடம் பெற்ற அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைப்பதை ஆண் மாணவர் எதிர்த்துக் கலகம் செய்தனர். முடிவில் அவர் வெள்ளிப் பதக்கத்தை ஏற்றுக்கொண்டார். பின்னர் ஹூக்ளி மாவட்டத்தில் பெண்கள் மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்தார். அவர் வங்காளத்தில் எழுதிய தன்வரலாறு 2000இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது. அதே காலத்தில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலத்தில் பயின்ற காதம்பினி கங்குலியின் பெயர் நூல்களில் தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளது. இருவரும் மருத்துவரே. வரலாற்றின் நினைவிலும் அந்த முதலெழுத்து வேலை செய்திருக்கின்றது.

இனி, கரின் பள்ளிக்கு வருவோம். 1904இல் அது வேறொரு தனியார் மருத்துவ நிறுவனத்தோடு இணைந்தது. 1916இல் பெல்காச்சியாவில் கல்லூரியாகி, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றது. பின்னர் ஆளுநர் கார்மைக்கேல் பெயரைத் தாங்கி, 1948இல் கரின் பெயரைப் பெற்றது. நாட்டவர் முயற்சியால் எழுந்த நிறுவனம் அரசுக் கல்லூரிக்கு நிகரான தகுதியை எட்டியது என்று இவ்வளர்ச்சி எழுதப்படுகின்றது. எழுதுவது சரியே. ஆனால் பல்கலைக்கழகப் பட்டத்தின் மொழி ஆங்கிலம். வங்காளத்தில் கற்பிக்கத் தோன்றிய பள்ளி, மதிப்புப் பெறுவதற்கு வங்காளத்தை விட்டாக வேண்டியிருந்தது. 1918இல் மறைந்த கர் தம் வாழ்நாளிலேயே இம்மாற்றத்தைக் கண்டார். அவர் நூல்களில் இருந்த சொற்கள் அதற்குள் போதாமல் போய்விட்டனவா? சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றை எழுதித் தேறவேண்டிய தேர்வுதான் இல்லாமற் போயிற்று.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. டச்சுக்காரர் 1851இல் பத்தேவியாவில் 'சாவக மருத்துவர்' பள்ளியைத் தொடங்கியபோது பயிற்றுமொழி மலாய். தரத்தை உயர்த்துவதாகக் கூறி 1875இல் அதனை டச்சுவுக்கு மாற்றினர். வேறுவேறு பேரரசுகள், வழிமுறை ஒன்று: நாட்டுமொழியில் கற்றவர் துணைநிலையினர், உயர்வு வேண்டுமாயின் மொழி மாறவேண்டும். விடுதலைக்குப் பின் இந்தோனேசியா மருத்துவத்தைத் தன் தேசிய மொழியிலேயே கற்பிக்கத் துணிந்தது, இன்றும் கற்பிக்கின்றது. காலனி ஆட்சிக்கு உட்படாத சப்பானில் 1774இலேயே உடற்கூற்று நூலொன்று டச்சு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டு, அதற்கென ஆக்கிய சொற்களுள் சில இன்றும் வழக்கில் உள்ளன. இந்தியாவிற்குள்ளேயே ஐதராபாத்தில் 1918இல் தொடங்கிய உசுமானியாப் பல்கலைக்கழகம் மருத்துவம் உட்பட உயர்கல்வியை உருதுவில் நடத்தியது. அரசியல் மாறிய 1948க்குப் பின் அது முடிவுற்றது. மொழிபெயர்ப்பு நிலையம் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த உருதுச் சொற்கள் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. அவற்றுக்குக் கீழே இருந்த பதவியும் சம்பளமும் நகர்ந்துவிட்டன.

1943இல் அமைந்த போர் குழு 1946இல் அளித்த அறிக்கையில், நாடு முழுதும் ஒரே தரமுடைய 'அடிப்படை மருத்துவர்' வேண்டும் எனவும், உரிமநிலைப் படிப்பு நீங்கவேண்டும் எனவும் பரிந்துரைத்தது. குழுவினுள்ளேயே மாற்றுக்கருத்து எழுந்தது. மருத்துவரில் இரண்டாம் தரம் கூடாது என்னும் கொள்கையை யாரும் குறைகூற இயலாது. அதற்குள் பள்ளிகளிலும் ஆங்கிலம் பரவிவிட்டது என்பதும் உண்மை. ஆயினும் இரண்டாம் தரத்தை நீக்கியபோது, நாட்டுமொழியில் மருத்துவம் கற்பிக்க அமைந்திருந்த ஒரே இடமும் நீங்கியது. தரம் நீங்கட்டும், மொழி மேலே வரட்டும் என்று அன்று யாரேனும் வற்புறுத்தியிருந்தால் நம் பட்டியல்களுக்கு வேறு வரலாறு வாய்த்திருக்கும்.

மானிப்பாய்

தமிழ் வாசகர் இந்நேரம் யாழ்ப்பாணத்தை எண்ணியிருப்பர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தம் பணியிடமாகக் கொண்டார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், தாயகம் சென்று 1862இல் மீண்டும் வந்தபின் தமிழில் கற்பித்தார். அவரிடம் மருத்துவம் பயின்றோர் 60க்கும் மேற்பட்டவர். உடன் உழைத்த யாழ்ப்பாணத் தமிழறிஞர் துணையோடு அவர் வெளிக்கொணர்ந்த நூல்கள் பல: 'பிரசவ வைத்தியம்' (1857), 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875). 'மனுஷ அங்காதிபாதம்' கிரே எழுதிய உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டில் அது தமிழில் வந்துவிட்டது. கரின் நூல்களில் நாம் கண்ட 'சுருக்கம்' இங்கு இல்லை என்பதையும் குறிக்கவேண்டும்; கிறீன் பெரும் பாடநூல்களையே மூலமாகக் கொண்டார்.

தமிழில் பொருத்தமான சொல் இருப்பின் அது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லின் தமிழ்வடிவம் என்பது அவர் நெறி. அங்காதிபாதம் உடற்கூறு, சுகரணம் உடலியங்கியல், உற்பாலனம் நலம் பேணும் கலை, கெமிஸ்தம் வேதியியல். இவற்றுள் ஒன்றேனும் இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் என்பதை இன்று கேட்போர் நகைக்கக்கூடும். உடற்கூறியல் என்பது தமிழ்ச்சொல், அங்காதிபாதம் வடசொல், ஆகவே முன்னது நின்றது என்பாரும் உளர். இவ்விளக்கம் போதாது. சுகாதாரம் வடசொல்லே, நகராட்சி அலுவலகப் பலகையில் இன்றும் நிற்கின்றது. அன்றாடம் ஆளப்படும் சொல் எப்பிறப்பினதாயினும் நிலைக்கும். கிறீன் ஆக்கிய சொற்கள் தம்மை ஆளும் வகுப்பறையை இழந்தன.

அது ஏன் இழக்கப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் கிறீனின் நோக்கத்திலேயே உண்டு. ஆங்கிலம் கற்ற மாணவர் அரசுப் பணி தேடி வெளியூர் செல்வர்; தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்குப் பயன்படுவர் என அவர் கருதினார். மாணவர் மேலை உடை பூணுவதையும் அவர் விரும்பவில்லை. அவர் அன்பில் ஐயமில்லை. அவர் உழைப்புக்குத் தமிழ் என்றும் கடன்பட்டது. ஆனால் தமிழ் ஊரில் தங்கவைக்கும் மொழி, ஆங்கிலம் வெளியே கொண்டுசெல்லும் மொழி என்னும் பகுப்பு இங்கும் நிலைபெற்றதைக் காணாதிருக்க முடியாது. கம்பெனி சிக்கனத்தால் செய்ததைக் கிறீன் பரிவினால் செய்தார். 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி எழுந்தது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். மானிப்பாயின் தமிழ் வகுப்பு அதன்பின் நெடுநாள் நடக்கவில்லை.

மொழித் திட்டமிடலில் மொழியின் அமைப்பைப் பற்றியதும் அதன் தகுநிலையைப் பற்றியதும் வேறுவேறு என்று குளோஸ் 1969இல் பிரித்துக் காட்டினார். சொல்லாக்கம் முன்னதைச் சார்ந்தது. எத்தேர்வு எம்மொழியில், எப்பணிக்கு எம்மொழி என்பன பின்னதைச் சார்ந்தவை. தமிழில் நாம் முன்னதைப் பெரிதும் வளர்த்தோம். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்கள் தொடங்கி மணவை முஸ்தபாவின் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பு வரை அவ்வுழைப்பு நீள்கின்றது. பின்னதில் நாம் செய்தவை சில. தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றுள் ஒன்று. மருத்துவத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஏனெனில் தமிழ்வழி மருத்துவப் பட்டமே இல்லை.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு மருத்துவ முதலாண்டுப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமாகவே தேவநாகரியில் அச்சாகியிருந்தமை கேலிக்கு உள்ளாயிற்று. இக்கட்டுரையாளர் அக்கேலியில் பங்குகொள்ள விரும்பவில்லை. கடன்சொல் மிகுந்தமையால் ஒரு பாடநூல் தாழ்ந்துவிடாது. கரும் 'பிளேக்' என்றே எழுதினார். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இந்தியில் விடை எழுதியவருக்கு மேற்படிப்பு நுழைவில் என்ன நேரும்? அவர் பயின்ற கல்லூரியின் பெயரைக் கேட்டதும் இன்னொரு மருத்துவர் தம் மனத்துக்குள் எந்த முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்வார்? தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அண்மை ஆண்டுகளில் மேற்கொண்ட மருத்துவ நூல் மொழிபெயர்ப்புப் பணிக்கும் இக்கேள்விகள் பொருந்தும். மொழிபெயர்ப்பின் செம்மையை மட்டும் மதிப்பிட்டு நாம் நின்றுவிட்டால் கிறீன் நூல்களுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரலாம்.

நோயாளியின் சொல்

இப்பகுப்பு மருத்துவர்களுக்குள் மட்டும் நின்றிருந்தால் அது ஒரு தொழிலின் உள்விவகாரமாக இருந்திருக்கும். தமிழ் மக்கள் மேலை மருத்துவத்தை 'இங்கிலீஷ் வைத்தியம்' என்றும், அம்மருந்தை 'இங்கிலீஷ் மருந்து' என்றும் வழங்குவதை நோக்குக. ஓர் அறிவுத்துறைக்கு ஒரு மொழியின் பெயரே பெயராகிவிட்டது. வைத்தியர் என்பது நாட்டு மருத்துவம் செய்பவர்பால் ஒதுங்க, டாக்டர் என்பது மேலை மருத்துவர்க்கு உரித்தாயிற்று. சாதிப்பெயராகவும், மருத்துவச்சி என்னும் வடிவில் பேறுபார்க்கும் பெண்ணின் பெயராகவும் ஒடுங்கியிருந்த மருத்துவர் என்னும் சொல்லைத் தனித்தமிழ் இயக்கமும் அரசு வழக்கும் மீட்டன. இன்றும் அச்சில் மருத்துவர், நேரில் டாக்டர்.

சாந்த்ராகாச்சியில் நின்று தெற்கே செல்லும் தொடர்வண்டிகளில் கையில் எக்ஸ்ரே உறைகளோடு அமர்ந்திருப்போரைக் காணாத நாள் இல்லை. வங்காளத்திலிருந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்வோர் அவர்கள். வேலூரின் விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பதை யாவரும் அறிவர். வங்காள நோயாளி தம் வலியை 'சின்சின்', 'கொன்கொன்', 'டொன்டொன்', 'தொப்தொப்' என்று இரட்டித்துச் சொல்வார். மெல்லிய குத்தலும், எலும்பில் ஏறும் குளிர்நோவும், இறுகிய தெறிப்பும், துடிப்போடு கூடிய வலியும் இவற்றால் வேறுபடுத்தப்படும். தமிழ் நோயாளியும் 'விண்விண் என்று தெறிக்கிறது', 'சுருக்கென்று குத்துகிறது', 'நமநம என்கிறது' என்பார். குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, கரிக்கிறது, இழுக்கிறது, பிடிக்கிறது என்பனவும் தம்முள் வேறுபட்டவை. வயிறு கடுக்கும், காது கடுக்காது. நெஞ்சு கரிக்கும், முழங்கால் கரிக்காது. ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிகளுக்குள் குடும்ப எல்லையைக் கடந்து பரவிய பொதுப்பண்பு என்று எமனோ 1969இல் நிறுவினார். வங்காளம் இந்தோ ஆரியம், தமிழ் திராவிடம். எனினும் வலியைச் சொல்லும் முறையில் அவை நெருங்கிய உறவினர். இடையில் நிற்கும் நோய்க்குறிப்பேடு ஆங்கிலத்தில் உள்ளது. இரு மொழிகளின் இவ்வேறுபாடுகளும் அங்கு இரண்டு மூன்று ஆங்கிலப் பெயரடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

வலியை விவரிக்கும் ஆங்கிலச் சொற்களை வகைப்படுத்தி மெல்சாக் 1975இல் மெக்கில் வினாநிரலை வெளியிட்டார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதை மருத்துவர் பொருட்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் மருத்துவக் கலைச்சொல் தொகுதிகளோ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவை. ஆங்கிலத்தில் தலைச்சொல் இல்லாதது அவற்றில் இடம்பெறாது. 'நமநம' என்பதற்கு அங்கு அகரவரிசையில் இடமில்லை. மூலமொழியைத் தலைப்பக்கம் வைக்கும் அப்பழக்கமும் பிரெட்டனின் 1825ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து வந்ததே. அதிலும் ஆங்கிலம் முதலில்.

2019 முதல் இந்திய மருத்துவப் படிப்பின் தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. வட்டார மொழி கற்பித்தல் அதன் ஒரு கூறு. வேற்று மாநிலத்து மாணவர் நோயாளியோடு பேசப் பழகவேண்டும் என்பது நோக்கம். நல்ல ஏற்பாடு. அதற்கென எழுதப்படும் சிறு கையேடுகளில் மருத்துவர் கேட்கவேண்டிய வினாக்கள் இடம்பெறுவது எளிது: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது. நோயாளி 'உளையுதுங்க' என்றால் அது கடுப்பிலிருந்து எவ்வாறு வேறுபடும், 'கரிக்குது' என்பதை எவ்வுறுப்போடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதை எழுதுவதற்கு மருத்துவரோடு மொழியியலாரும் அமரவேண்டும். தமிழ், வங்காளம் ஆகிய இரு மொழிகளிலும் தலைச்சொல்லை நோயாளியின் வாயிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தை வலப்பக்கத்திற்கு மாற்றி அமைக்கும் ஒரு தொகுதியை வேலூரின் புறநோயாளர் பிரிவிலிருந்தே தொடங்கலாம். இரு மொழியாரும் அங்கு நாள்தோறும் வரிசையில் நிற்கின்றனர்.